வலி நின்ற பல்

என் இடது தாடைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. சவரம் செய்யும்போது பிளேடு அங்கே மட்டும் கொஞ்சம் தயங்கும். சலூனில் கேட்பார்கள், "என்னண்ணே, ஏதும் ஆக்சிடென்டா?" பல்வலி என்பேன். சிரிப்பார்கள். பல் வாய்க்குள்ளே இருக்கிறது, கழுத்தில் எதற்குக் கத்தி வைத்தார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு முழுப் பதிலும் சொல்ல ஒரு முடிவெட்டு நேரம் போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மன்னார்குடியில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கிரகப்பிரவேசம், கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் அடிப்போம். ஐப்பசி பாதியிலிருந்து தை முகூர்த்தத்துக்கு ஆர்டர் வர ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் பார்த்துத்தான் இடது கீழ்க் கடைவாய்ப் பல், ஞானப்பல்லுக்கு முந்தின பல், வேலையைக் காட்டியது. அதில் கறுப்பாக ஒரு சொத்தை இருப்பது எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். சோறு மாட்டினால் குச்சியால் குத்தி எடுப்பேன், அவ்வளவுதான்.

முதலில் ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. இரண்டு நொடியில் போய்விடும். பிறகு அந்த சுரீர் போகாமல் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று நின்றது. அப்புறம் எதுவும் படாமலேயே ராத்திரியில் தானாக விண் விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. படுத்தால் அதிகம், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறைவு. நான்கு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்தே கழித்தேன்.

இந்த மூன்று படிகளுக்கும் அர்த்தம் இருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பல்லுக்குள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த சதை இருக்கிறது. உடம்பில் மற்ற இடத்தில் அடிபட்டால் வீங்குவதற்கு இடம் உண்டு. பல்லோ நான்கு பக்கமும் கல் சுவர். உள்ளே வீங்கினால் போக்கிடம் இல்லாமல் நரம்பு நசுங்குகிறது. படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும், அழுத்தம் ஏறும், அதனால்தான் பல்வலி எப்போதும் ராத்திரி வேலையாக இருக்கிறது. குளிர்ச்சி பட்டு உடனே விட்டுவிடும் கூச்சம் என்றால் அடைத்தாலே பெரும்பாலும் போதும். விடாமல் நின்றால், தானாகத் தெறித்தால், நரம்பு சாகப் போகிறது என்று பொருள். அந்த வாரமே போயிருந்தால் ரூட் கேனாலோடு, அதாவது பல்லை எடுக்காமல் உள்ளே இருக்கும் நரம்பை மட்டும் எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பதோடு, முடிந்திருக்கும்.

நான் போகவில்லை. பக்கத்து மெடிக்கலில் "பல்வலிக்கு ஒரு செட்" வாங்கினேன். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, பாதி சிவப்பு பாதி கறுப்பில் ஒரு கேப்சூல், எல்லாம் ஒரு துண்டுக் காகித உறையில். எதற்கு எது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போதாதென்று, பத்திரிகை வாங்க வந்த ஒரு பெரியவர் சொன்னாரென்று ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் வைத்து அழுத்திக்கொண்டேன். காலையில் ஈறு வெள்ளையாக, வெந்த மாதிரி உரிந்து வந்தது. ஆஸ்பிரின் வயிற்றுக்குள் போய்த்தான் வலியைக் குறைக்கும். ஈறில் வைத்தால் அது அமிலம், சுட்டுவிடும். பல்லோடு ஈறும் சேர்ந்து வலித்ததுதான் மிச்சம்.

ஆறாம் நாள் வலி நின்றது. சுத்தமாக நின்றது. ஐஸ் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. "பாத்தியா, பல் டாக்டர்கிட்ட போயிருந்தா எட்டாயிரம் புடுங்கியிருப்பான்" என்று என் மனைவியிடம் பெருமையடித்தேன். நாலு பேரிடம் அந்த மாத்திரை செட்டைச் சிபாரிசு வேறு செய்தேன்.

வலி நின்றதன் காரணம் மாத்திரை இல்லை. நரம்பு செத்துப்போனதுதான். செத்த நரம்பு வலிக்காது. கிருமி மட்டும் உள்ளே இருந்துகொண்டு வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் மெதுவாக இறங்கும். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது என்பதால் ஆன்டிபயாட்டிக் எவ்வளவு சாப்பிட்டாலும் அந்த மூல இடத்துக்குப் போய்ச் சேராது. பல்லைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், அல்லது எடுக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

பொங்கலன்று கரும்பு கடித்தேன். அதுவும் இடது பக்கமாகவே, கணுவைப் பல்லால் உடைத்து. சாயங்காலம் அந்தப் பல் மட்டும் கொஞ்சம் எழும்பி நிற்பது போலிருந்தது. வாயை மூடினால் முதலில் அதுதான் இடித்தது. மாட்டுப் பொங்கலன்று காலையில் கன்னம் லேசாக உப்பியிருந்தது. ஊரில் இருந்த இரண்டு பல் கிளினிக்கும் பூட்டு. ஒன்றில் "பொங்கல் விடுமுறை, 18-ஆம் தேதி முதல் இயங்கும்" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். நம்ம பிரஸ்ஸில் அடித்த தாள்தான் அது. என் மனைவி தவிடு வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் கன்னத்தின் வெளிப்பக்கம் சூடு கொடுப்பது சீழைத் தோல் பக்கமாக இழுக்கும், கொடுக்கக் கூடாது என்று பின்னால் திட்டு வாங்கினோம். வெளியே வைப்பதென்றால் துணியில் சுற்றிய ஐஸ்தான். வாய்க்குள்ளே வேண்டுமானால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்.

காணும் பொங்கல் ராத்திரி ஒன்பதரை மணிக்கு நிலைமை இதுதான்: வாய்க்குள் ஒரு விரல்தான் நுழையும், அதற்கு மேல் தாடை திறக்கவில்லை. வீக்கம் கன்னத்தை விட்டு இறங்கி மோவாய்க்கு அடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை பரவியிருந்தது. அமுக்கினால் பலகை மாதிரி. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஜுரம். வேடிக்கை என்னவென்றால் வலி அவ்வளவு இல்லை. ஐப்பசியில் திண்ணையில் உட்கார்ந்து அழுத ராத்திரிகளோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. அதனால் "காலைல பாத்துக்கலாம்" என்று சைகை காட்டினேன். பேச்சும் சரியாக வரவில்லை, வாய் நிறைய சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி குழறியது.

என் மனைவிக்கு அண்ணன் மகள் ஒருத்தி திருச்சியில் நர்ஸாக இருக்கிறாள். பொங்கல் வாழ்த்துச் சொல்லத் தற்செயலாகத்தான் போன் செய்தாள். என் மனைவி விஷயத்தைச் சொன்னதும் அவள் குரல் மாறிவிட்டது.

"அத்தை, மாமா எச்சி முழுங்குறாங்களா?"

"இல்லடி, துப்பிக்கிட்டேதான் இருக்காங்க."

"நாக்கை வெளிய நீட்டச் சொல்லுங்க."

நீட்டிப் பார்த்தேன். பல்லைத் தாண்டவில்லை. நாக்கே மேல் அண்ணத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு நின்றது.

"மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுதா?"

அதற்குத்தான் ஒரு மணி நேரமாகப் படுக்காமல் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். நானே அதைக் கவனிக்கவில்லை.

"அத்தை, பல் டாக்டரைத் தேடாதீங்க. இப்பவே பெரிய ஆஸ்பத்திரி. படுக்க வைக்காம உட்கார வச்சே கூட்டிட்டுப் போங்க. தண்ணி, மாத்திரை எதுவும் வாய்ல குடுக்காதீங்க. மூச்சு இரைச்சல் கேட்டா 108 கூப்பிடுங்க."

மச்சான் கார் எடுத்தார். வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஏரிக்கரையைத் தாண்டும்போது ஜன்னலை இறக்கிவிடச் சொல்லி முன்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். குனிந்தால்தான் காற்று வந்தது. இதை எழுதும்போதும் கை கொஞ்சம் நடுங்குகிறது.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி காஷுவாலிட்டியில் இருந்த இளம் டாக்டர் என் மோவாய்க்கு அடியில் இரண்டு விரலால் தொட்டார், நாக்கைப் பார்த்தார், உடனே இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருவர் மயக்க மருந்து டாக்டர். பல்லுக்கு எதற்கு மயக்க மருந்து டாக்டர் என்று அந்த நிலைமையிலும் நினைத்தேன். வீக்கம் நாக்கைப் பின்னுக்குத் தள்ளி மூச்சுப் பாதையை அடைத்துவிடும், அடைப்பதற்கு முன் குழாய் போட வேண்டும், அது முடியாவிட்டால் கழுத்தில் துளை போடத் தயாராக இருக்க வேண்டும், அதற்கு அவர். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். 312. எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் கிருமி பரவும் வேகமே தனி.

தாடைக்குக் கீழே கீறிச் சீழை வடித்தார்கள், ஒரு ரப்பர் குழாயை அங்கேயே வைத்துக் கட்டினார்கள், பல்லையும் எடுத்துவிட்டார்கள். ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாட்டிக். ஆறு நாள் வார்டில் இருந்தேன்.

மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில் வந்த பெரிய டாக்டரிடம் சலூன் கேள்வியைத்தான் கேட்டேன். கழுத்தில் ஏன் வந்தது? அவர் தன் உள்ளங்கையைத் தொட்டில் மாதிரி குவித்துக் காட்டினார். வாயின் அடித்தளத்தில் இப்படி ஒரு தசை இருக்கிறது. முன் பற்களின் வேர் அதற்கு மேலே முடிகிறது. கீழ்க் கடைவாயில் கடைசி இரண்டு பற்களின் வேர் நுனி அந்தத் தசைக்குக் கீழே முடிகிறது. அதனால் அங்கே கட்டும் சீழ் வாய்க்குள் வராமல் கழுத்துப் பக்கம் இறங்கி, இரண்டு பக்கமும் பரவி, நாக்கை மேலே தூக்குகிறது. 1836-இல் ஜெர்மனியில் லுட்விக் என்ற டாக்டர் இதை விவரித்து எழுதினார், அவர் பேரிலேயே லுட்விக்ஸ் ஆஞ்சைனா என்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முன்னால் வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைத்ததில்லையாம். "நீங்க காலைல வரலாம்னு படுத்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து, பக்கத்தில் நின்ற என் மனைவியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அவரிடமும் நர்ஸ் மருமகளிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை நான் யாரிடமும் சொல்லத் தவறுவதில்லை. பல் விஷயத்தில் வலியை வைத்து அவசரத்தை அளக்கக் கூடாது. உயிர் போகிற மாதிரி வலிக்கும் பல் பெரும்பாலும் காலை வரை தாங்கும். வீக்கம் தாங்காது. கன்னத்தில் மட்டும் சின்னதாக வீக்கம், வாய் நன்றாகத் திறக்கிறது, ஜுரமில்லை என்றால் அன்றைக்கோ மறுநாளோ பல் டாக்டர். வீக்கம் மோவாய்க்கு அடியில் இறங்கினாலோ, கண் மூடும் அளவுக்கு மேலே ஏறினாலோ, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காவிட்டாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, குரல் மாறினாலோ, ஜுரத்தோடு நடுக்கம் வந்தாலோ, கடிகாரத்தைப் பார்க்காமல் காஷுவாலிட்டி. அங்கே ராத்திரியில் பல் டாக்டர் இருக்க மாட்டாரே என்று யோசிக்க வேண்டாம். அந்த நேரத்துக்கு வேண்டியவர் மூச்சைக் காப்பாற்றத் தெரிந்தவர். சர்க்கரை உள்ளவர்கள், கீமோ எடுப்பவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் இதில் ஒரு படி முன்னாலேயே பயப்பட வேண்டும்.

இவ்வளவு பட்டதில் ஒரு லாபம், அடுத்த வருடம் என் மகன் பல்லை உடைத்துக்கொண்டு வந்தபோது நான் கொஞ்சம் புத்தியோடு நடந்துகொண்டேன்.

அவனுக்குப் பத்து வயது. ஹரித்ராநதிக் கரையில் சைக்கிள் ஓட்டப் போனவன், கல்லில் ஏறிக் குப்புற விழுந்து, வாயெல்லாம் ரத்தமாக வந்து நின்றான். மேல் வரிசையில் முன் பல் ஒன்று இருந்த இடத்தில் ஓட்டை. என் அம்மா அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "விழுந்த பல்லுக்கு ஏன்டா இந்த அலறல் அலறுற? சாணில உருட்டிக் கூரை மேல போட்டா புதுசு முளைக்கும்" என்றாள். அவள் சொன்ன வைத்தியம் பால் பல்லுக்குச் சரி. மேல் முன் பற்கள் ஏழு, எட்டு வயதிலேயே விழுந்து முளைத்துவிடுகின்றன. பத்து வயதுப் பையனுக்கு அந்த இடத்தில் இருப்பது கடைசிப் பல். அதற்குப் பிறகு முளைக்க ஒன்றுமில்லை.

முதலில் தலையைப் பார்த்தேன். மயக்கம் போட்டானா, வாந்தி உண்டா, பேச்சு ஒழுங்காக இருக்கிறதா, பல்லைக் கடித்தால் மேலும் கீழும் எப்போதும் போல் பொருந்துகிறதா? பொருந்தாவிட்டால் தாடை எலும்பு முறிந்திருக்கலாம். இதில் எது இருந்தாலும் பல் இரண்டாம் பட்சம், ஆஸ்பத்திரிதான். நல்லவேளை, எதுவுமில்லை. சுத்தமான துணியை மடித்துக் கடிக்கக் கொடுத்துவிட்டு, "பல்லு எங்கடா?" என்றேன். ரோட்டில். ஓடினேன். மண்ணில் கிடந்தது. முழுசாக, நீளமான வேரோடு. பல் என்று நாம் வெளியே பார்ப்பது பாதிதான் என்பது அதைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது.

அங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "குடுங்க சார், குழாய்ல நல்லா தேய்ச்சுக் கழுவித் தரேன்" என்று கை நீட்டினார். நல்ல எண்ணம்தான். ஆனால் தேய்த்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். வேரைச் சுற்றி ஈர இழை மாதிரி ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அதிலுள்ள செல்கள் உயிரோடு இருந்தால்தான் பல் எலும்போடு மறுபடி சேரும். அதனால் வேரைத் தொடவே கூடாது. வெள்ளையான மேல் பகுதியைப் பிடித்துக்கொண்டு, மண் போக பத்து நொடி தண்ணீரில் காட்டினால் போதும். சோப்பு கூடாது, துணியால் துடைக்கக் கூடாது, காகிதத்தில் மடித்துப் பாக்கெட்டில் போடவே கூடாது. காய்ந்துபோனால் அந்தச் செல்கள் செத்துவிடும்.

எல்லாவற்றிலும் நல்லது, அப்போதே பல்லை அதன் பள்ளத்திலேயே திரும்பச் செருகிவிட்டு ஒரு துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்வது. பால் பல்லாக இருந்தால் மட்டும் செருகக் கூடாது, அடியில் வளரும் பல்லைக் கெடுத்துவிடும். நான் முயன்றேன். அவன் என் கையைக் கடிக்காத குறை. விட்டுவிட்டேன். அப்போது அடுத்த வழி பால்.

முனை டீக்கடைக்கு ஓடிப் பால் கேட்டால் கடைக்காரர் கொதிக்கிற பாலை டம்ளரில் ஊற்றப் போனார். "அண்ணே, காய்ச்சாதது, பாக்கெட்டோட." பிரிட்ஜிலிருந்து ஓர் ஆவின் பாக்கெட் எடுத்துக் கொடுத்தார். மூலையை வெட்டி ஒரு சின்ன டப்பாவில் ஊற்றிப் பல்லைப் போட்டுக்கொண்டேன். பால் கிடைக்காத இடமென்றால் பையனின் எச்சிலையே ஒரு டம்ளரில் துப்பச் சொல்லி அதில் போடலாம், குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் இடமாக இருந்தால் அங்கே கிடைக்கும் சலைன் தண்ணீரும் ஆகும். இளநீரையும் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், முடிவு மோசமில்லை என்கிறார்கள். ஆனால் வழிகாட்டுதல்களில் முன்னால் நிற்பது பால்தான். வெறும் தண்ணீரில் ஊறப்போட்டால் செல்கள் உப்பி வெடித்துவிடும். வேறு எதுவுமே இல்லையென்றால் மட்டும் தண்ணீர், காய விடுவதைவிட அதுவே மேல்.

விழுந்தது நாலே முக்கால். பல் டாக்டர் நாற்காலியில் அவன் உட்கார்ந்தபோது ஐந்தே கால். வழியிலேயே போன் போட்டுச் சொல்லிவிட்டதால் அவர் தயாராக இருந்தார். அரைமணிக்குள் வந்தால் நல்லது, ஒரு மணியைத் தாண்டினால் நம்பிக்கை குறைந்துகொண்டே போகும் என்றார். ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, பள்ளத்தைச் சலைனால் கழுவி, பல்லை மெதுவாக உள்ளே தள்ளினார். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம், பூட்டுக்குள் சாவி உட்கார்ந்த மாதிரி. பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பி ஒட்டினார். இரண்டு வாரம் கம்பி. டெட்டனஸ் ஊசி போட்ட தேதி கேட்டார். அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே ரூட் கேனால் ஆரம்பித்தார், ஏனென்றால் அவன் வயதுக்கு வேர் வளர்ந்து முடிந்துவிட்டது, அறுந்த நரம்பு திரும்ப உயிர் பெறாது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு, வேர் நுனி திறந்திருந்தால், சில சமயம் பொறுத்துப் பார்ப்பார்களாம்.

"இது கடைசி வரைக்கும் இருக்கும்னு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்" என்றும் சொன்னார். எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக வேரைத் தின்றுவிடலாம். ஆனால் பையன் வளர்ந்து முடிக்கும் வரை அந்த இடத்தையும் எலும்பையும் காப்பாற்றிக் கொடுத்தாலே லாபம். குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒரு தடவை எக்ஸ்ரே எடுக்கிறோம். இதுவரை சரி.

என் அம்மாவுக்கு நடந்தது சின்ன விஷயம்தான், ஆனால் அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை. காலையில் பல் எடுத்துவிட்டு வந்தாள். ராத்திரி தலையணை உறையெல்லாம் சிவப்பு. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறவள். ரத்தம் எச்சிலோடு கலந்தால் ஒரு ஸ்பூன் ஒரு டம்ளர் மாதிரி தெரியும் என்பது உண்மைதான், ஆனாலும் நிற்கவில்லை. விசாரித்தால் சாயங்காலத்திலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கொப்பளித்துத் துப்பியிருக்கிறாள். "வாயில ரத்தத்தை வச்சுக்கிட்டு எப்படிடா இருக்கறது?" உறைகிற ரத்தத்தை உறைய உறையத் துப்பினால் எப்படி நிற்கும்? சுத்தமான பஞ்சுத் துணியை உருட்டி, சரியாகப் பள்ளத்தின் மேல் வைத்து, அரைமணி நேரம் அழுத்திக் கடிக்கச் சொன்னேன். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. என் அம்மாவைப் பேசாமல் உட்கார வைத்ததுதான் அதில் பெரிய வேலை. நின்றுவிட்டது. இரண்டாவது தடவை கடித்தும் நிற்காமல் வழிந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருப்போம். ரத்தம் இளக்கும் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. பல் எடுக்கும் முன்பே பல் டாக்டரிடம் அந்தச் சீட்டைக் காட்ட வேண்டும். பல் எடுத்து மூன்று நாலு நாள் கழித்து, ஆறிக்கொண்டிருந்த இடம் திடீரென்று காது வரை இழுத்து வலித்தால் அது உறைந்த ரத்தம் பெயர்ந்துபோனதால், உயிருக்கு ஆபத்தில்லை, டாக்டர் மருந்து வைத்து அடைத்தால் அடங்கும்.

பல்வலியே இல்லாத பல்வலி ஒன்றையும் பார்த்துவிட்டேன். எங்கள் பிரஸ்ஸில் பைண்டிங் பார்க்கும் அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. இடது கீழ்த் தாடை வலிக்கிறது என்று என்னிடம் வந்தார், ஊரில் நான்தான் இப்போது பல் நிபுணர். எந்தப் பல் என்றால் காட்டத் தெரியவில்லை. தட்டினால் வலிக்கவில்லை, தண்ணீருக்குக் கூசவில்லை. தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் வருகிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது. நெற்றியில் வியர்வை. எனக்கு எங்கோ படித்த ஞாபகம். பல் டாக்டரிடம் விடாமல் நேரே ஈ.சி.ஜி. எடுக்கக் கூட்டிப்போனேன். அன்றைக்கே அட்மிட் செய்தார்கள், மறுநாள் ஸ்டென்ட். இதய ரத்தக்குழாய் அடைப்பு நெஞ்சில் வலியே இல்லாமல் தாடையில் மட்டும் காட்டுவதும் உண்டாம்.

இனி அந்த ராத்திரி வலிக்கு. வீக்கமில்லை, ஜுரமில்லை, வலி மட்டும்தான், கிளினிக் காலையில்தான் திறக்கும் என்றால் நான் இப்போது செய்வது இது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துப் பல் இடுக்கில் மாட்டியிருப்பதை நூல் விட்டு எடுப்பேன். பாதி வலி சில சமயம் அதிலேயே போகும். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுப்பேன். வயிற்றுப்புண், கிட்னி கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தம் இளக்கும் மாத்திரை எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு ஐபுப்ரூஃபென் 400, சாப்பாட்டுக்குப் பிறகு. அதோடு பாராசிட்டமால் 500 சேர்த்துப் போட்டால் தனித்தனியாகப் போடுவதைவிட நன்றாகக் கேட்கும். ஊரில் டெங்கு இருந்து ஜுரமும் இருந்தால் பாராசிட்டமால் மட்டும். மெடிக்கலில் கொடுக்கும் செட்டில் ஏற்கெனவே பாராசிட்டமால் கலந்த மாத்திரை இருக்கும், தெரியாமல் இரண்டு மடங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, ஒரு நாளைக்கு நாலு கிராம் என்பது உச்ச வரம்பு. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. கிராம்புத் தைலம் உண்மையிலேயே மரத்துப்போக வைக்கும், ஆனால் ஒரு துளியைப் பஞ்சில் தொட்டுச் சொத்தைக் குழியில் மட்டும். ஈறில் வழிந்தால் அதுவும் சுடும். பல்லுக்கு மேல் மாட்டிய கேப் கழன்றது, சொத்தையில் அடைத்தது விழுந்தது, இதெல்லாம் ராத்திரி ஓட வேண்டிய விஷயமில்லை. கழன்ற கேப்பைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு ஓரிரு நாளில் போனால் போதும். வீட்டில் இருக்கும் பசையைப் போட்டு ஒட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டாம், அதைப் பெயர்த்தெடுக்கத் தனி பீஸ் வாங்க வேண்டும் என்று எங்கள் பல் டாக்டர் சிரிப்பார்.

பிரஸ் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். பண்டிகை நாளிலும் போன் எடுக்கும் பல் டாக்டர் ஒருவர், தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, 108, திருச்சி மருமகள். பல் டாக்டருக்கு நான் கேட்ட முதல் கேள்வியே, "தீபாவளி, பொங்கலுக்குக் கூப்பிட்டா எடுப்பீங்களா டாக்டர்?" என்பதுதான். அவருடைய விசிட்டிங் கார்டும் இப்போது நம்ம பிரஸ்ஸில்தான் அடிக்கிறோம்.

இந்தப் பொங்கலுக்கும் கரும்பு வாங்கினோம், ஒரு கட்டு. அம்மா அரிவாள்மணையை எடுத்து வைத்துக்கொண்டு, கணுவை ஒதுக்கி, தோலைச் சீவி, விரல் நீளத்துக்குத் துண்டு போட்டுத் தட்டில் அடுக்கினாள். பையனுக்கு முன் பல்லால் கடிக்கத் தடை, எனக்கு இடது பக்கம் அந்தப் பல்லே கிடையாது. வலது பக்கமாகவே மென்று துப்பிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். "கரும்பைக் கடிச்சுத் திங்கத் தெரியாத வம்சம்டா இது" என்று அம்மா அலுத்துக்கொண்டே அடுத்த கரும்பை எடுத்தாள்.